கொக்கி ஊசிப் பின்னலும் கூலிக் கணக்கும்

வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நம்மவர்களுக்கு ஓய்வு என்பது கிடைத்தற்கரிய சரக்கு. காலையில் கடை திறந்தால் இரவு கதவடைக்கும் வரை கணக்கும் பேச்சுமாகவே பொழுது கழிகிறது. மிஞ்சும் ஒரு மணி நேரத்தையும் பிரயோஜனமின்றிப் போக்கிவிடுகிறோம். அந்த நேரத்தில் கைக்கு வேலையும் மனத்துக்கு அமைதியும் தரக்கூடிய ஒரு சிறு கைத்தொழிலைப் பற்றி இவ்விதழில் படிப்போம். அதுவே குரோஷா என்று வழங்கும் கொக்கி ஊசிப் பின்னல். நம்மில் பலர் துணிக்கடை வைத்திருப்பவர்கள். பின்னல் தொப்பியும் மேசை விரிப்பும் விற்பவர்கள். ஆகவே இப்பாடம் ஓய்வுக்கும் உதவும், தொழிலுக்கும் உதவும்.

தொழிலின் தன்மை

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். கம்பளிச் சட்டை பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கொண்டு, ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஊசியின்மேல் நிறுத்தி வைத்துப் பின்னுவார்கள். கொக்கி ஊசிப் பின்னலிலோ ஊசி ஒன்றே. ஒவ்வொரு கண்ணியும் முடிந்தவுடன் ஊசியில் எஞ்சி நிற்பது ஒரே வளையந்தான். ஆதலால் வேலையை எந்நேரமும் நிறுத்தலாம். வாடிக்கைக்காரர் வந்தால் வைத்துவிட்டு எழலாம். தவறு நேர்ந்தால் நூலை இழுத்தால் போதும். பின்னியது பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். முதலுக்கு நஷ்டமில்லாத இத்தகைய வேலை வேறு காண்பது அரிது.

வேண்டிய பொருள்கள் மூன்றே: கொக்கி ஊசி, பருத்தி நூற்கண்டு, கத்தரிக்கோல். புதிதாகப் பழகுவோர் மெல்லிய நூலை எடுக்கலாகாது. கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் சலிப்புத் தட்டிவிடும். தடித்த நூலும் அதற்கேற்ற ஊசியும் கொள்க. முதற்பாடம் சங்கிலி. நூலில் ஒரு சுருக்குப் போட்டு ஊசியில் மாட்டி, நூலைக் கொக்கியால் பற்றி அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு கண்ணி பிறக்கும். அதன் வழியே மறுபடி இழுத்தால் அடுத்த கண்ணி. மற்றப் பின்னல்கள் யாவும் இதன் விரிவேயாம்.

தொப்பியில் உள்ள கணக்கு

நாம் அணியும் வெள்ளைப் பின்னல் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். அதை உச்சியிலிருந்து தொடங்கலாம். சிறு வளையம் ஒன்றில் ஆறு குட்டைக் கண்ணிகள் போட வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் பன்னிரண்டாகும். அதற்கடுத்து 18, பின்னர் 24, 30 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிச் செல்ல வேண்டும். கூட்டுவது குறைந்தால் பின்னல் கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் விளிம்பு அலையலையாக நெளியும். சரியாயிருந்தால் தட்டுப்போல் சமமாக விரியும். தலையின் சுற்றளவு 22 அங்குலமானால், வட்டத்தின் குறுக்களவு 7 அங்குலம் ஆனதும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு அதே எண்ணிக்கையில் பின்னிக்கொண்டே போனால் பக்கங்கள் தாமே கீழிறங்கித் தொப்பி உருவாகும். கணக்கிலேயே ஊறிய வியாபாரிக்கு இதில் தனி இன்பம் உண்டு.

இது பெண்களின் வேலையாயிற்றே என்று சிலர் தயங்கக்கூடும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டைச் சேர்ந்த டாக்கிலே தீவில், தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. அங்குச் சிறுவர்கள் இளவயதிலேயே அதைக் கற்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாய்க்குப் புகழ் தேடித் தந்தவை நம் லெப்பைக் குடும்பங்களே அல்லவா? கைவேலையால் யாருக்கும் மதிப்புக் குறைந்ததில்லை.

இயந்திரத்துக்கு அடங்காதது

இரண்டு ஊசிப் பின்னலுக்கு 1589-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இயந்திரம் கண்டார். கொக்கி ஊசிப் பின்னலைக் கையால் செய்வதுபோலவே செய்து சந்தைக்கு அனுப்பும் இயந்திரம் மட்டும் இன்றுவரை வரவில்லை. குரோஷா என்ற பெயரில் வரும் ஆலைத் துணியைக் கூர்ந்து பாருங்கள். நேர்நேராக ஓடும் சங்கிலி வரிகளும், அவற்றிடையே குறுக்கே போய்வரும் இழைகளும் தென்படும், அது சாயலே. உண்மையான கொக்கிப் பின்னல் நம் கடைக்கு வந்திருந்தால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னினார் என்பது நிச்சயம்.

பொழுதுபோக்கு என்ற சொல்

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1847-இல் குளோன்ஸ் என்ற ஊரில், பாதிரியார் ஒருவரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்டு என்னும் மாது ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சீமாட்டிகளுக்குப் பொழுதுபோக்காயிருந்த ஒன்று பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு உணவாயிற்று.

ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியே இத்தொழில் வந்தது. அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்து மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினார்கள். சரக்கு கடல் கடந்து போயிற்று. ஆயினும் அவர்கள் உழைப்பாளிகளாக எண்ணப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வுநேரத்தில் செய்வதுதானே என்று கருதப்பட்டதால் கூலி மிக அற்பமாகவே இருந்தது என்பதே அவர் கண்ட உண்மை. 2024-இல் நரசாப்பூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த காப்பைக் கூலிக்கும் கிடைக்கச் செய்வது வாங்கி விற்பவர் கையிலேயே இருக்கிறது.

இங்குதான் நம் கவனம் வேண்டும். தனக்காகப் பின்னுபவருக்கு மணிக் கணக்கு வேண்டியதில்லை; அந்த இன்பமே அவருக்குக் கூலி. அதே பொருள் கல்லாவைத் தாண்டும்போது அது சரக்கு. அதற்கு மணிக் கணக்கு உண்டு. ஒரு தொப்பியை எட்டு வெள்ளிக்கு நாம் கொள்முதல் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூலுக்கு இரண்டு வெள்ளி கழித்தால் மிச்சம் ஆறு. பின்ன எட்டு மணி நேரம் ஆகியிருந்தால் மணிக்கு எழுபத்தைந்து காசு. நம் கடைப் பையனுக்கு அந்தச் சம்பளம் கொடுத்தால் நாளை அவன் வருவானா? வீட்டிலிருந்து பின்னித் தரும் சகோதரியிடம், "சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே, அம்மா" என்று சொல்லி விலையைக் குறைப்பது எந்த வகையில் நியாயம்?

ஆகவே வியாபார அன்பர்களே, ஒரு கண்டு நூலும் ஓர் ஊசியும் வாங்குங்கள். இல்லத்தில் பின்னத் தெரிந்த தாயாரிடமோ சகோதரியிடமோ கேட்டுப் பழகுங்கள். ஒரே ஒரு தொப்பி பின்னி முடித்து, ஆன மணிகளைக் குறித்து வையுங்கள். தொப்பியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். குறித்த அந்தக் கணக்கை மட்டும் கடைக்கு எடுத்துச் சென்று, அடுத்த கொள்முதலின்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.