நாட்காட்டியும் நாடகமும்

தோ பாயோவில், நான்கறை வீடொன்றில் ஐவர் கொண்ட குடும்பம் வசிக்கிறது. தொலைக்காட்சியோ ஒன்றுதான். வாரநாள் இரவுகளில் அது பாட்டியின் ஆட்சியில் இருக்கும். வசந்தம் ஒளிவழியில் செய்தியும் நாடகத் தொடரும் பார்க்காமல் அவர் உறங்கச் செல்வதில்லை. 2008ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழியானது. அதற்கு முன்பு தமிழ் நிகழ்ச்சிகள் குறிப்பிட்ட சில மணி நேரமே வரும். பாட்டி அதற்கேற்பச் சமையலை முடித்துவிடுவார்.

வார இறுதியில் அப்பாவுக்குக் காற்பந்து. அம்மாவோ, தவறவிட்ட பகுதிகளை மீவாட்ச் செயலி வழி ரயிலிலேயே பார்த்துவிடுவார்.

உயர்நிலை ஒன்றில் பயிலும் பேரனும் பாட்டியுடன் நாடகம் பார்ப்பான். ஆனால், அவன் கேட்பதைவிடப் படிப்பதே அதிகம். திரையின் அடியில் தோன்றும் ஆங்கில வசன வரிகளைப் படித்து, நடிகர் பேசி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவான். பாட்டிக்கு எரிச்சல் வரும். ஒருநாள் அவனுடைய அக்கா நாட்காட்டியைத் திரைமுன் சாய்த்து, அவ்வரிகளை மறைத்துவிட்டாள்.

“பாட்டி, சம்பந்தி என்றால் யார்?” என்று அன்றே கேட்டான்.

“உன் அம்மாவின் பெற்றோர் எனக்குச் சம்பந்தி.”

“ஆங்கிலத்தில் ‘இன்-லாஸ்’ என்றுதானே வரும்?”

“மாமனார், மைத்துனர், நாத்தனார்?”

“அவர்களும் அதேதான், பாட்டி.”

“எல்லாருக்கும் ஒரே சொல்லா! பிறகு யார் யாருக்கு என்ன உறவென்று எப்படித் தெரியும்?”

அன்றிரவு அவன் கேள்விகளை நிறுத்தவே இல்லை. பாட்டி தவறவிட்ட பாதி நாடகத்தை அம்மா செயலியில் மீண்டும் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.