நோய்செய் ஈஸ்ட்டின் நெருக்கடிக்கால மரபணு ஒழுங்குபாடும் தமிழ்ச் சொல்லாட்சியும்

முன்னுரை

மனிதரின் வாயிலும் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை, கேண்டிடா அல்பிகன்ஸ். எதிர்ப்பாற்றல் குன்றியோரின் குருதியில் அது கலக்குமாயின் உயிருக்கே ஊறு விளைகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட நோய்செய் பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலில் இது முதல்நிலைப் பிரிவில் இடம்பெற்றுள்ளது. நெருக்கடியின்போது இப்பூஞ்சை தன் மரபணுக்களை இயக்கும் முறையையும், அதனைப் பிழையின்றி உணர்த்தும் தமிழ்ச் சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நெருக்கடி

'ஸ்ட்ரெஸ்' என்பதனை 'அழுத்தம்' எனப் பெயர்ப்பதுண்டு. இயற்பியலில் அச்சொல் வேறோர் அளவைக் குறிக்கிறது. வெப்பம், உப்பு, ஆக்சிஜனேற்றம் எனப் பலவகைத் தாக்குதலையும் உள்ளடக்க 'நெருக்கடி' என்பதே பொருந்துகிறது.

ஒழுங்குபாடு

பூஞ்சையை விழுங்கும் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய நச்சுகளால் அதனைத் தாக்குகின்றன. இயல்பான நிலையில், கேப்1 என்னும் புரதம் பூஞ்சையின் உட்கருவுக்குள் நுழைந்தவுடன் வெளியேற்றப்பட்டுவிடுகிறது. ஆக்சிஜனேற்றத்தால் அதன் வடிவம் மாறும்போது இவ்வெளியேற்றம் தடைப்படுகிறது. உட்கருவில் தங்கும் கேப்1, நச்சை முறிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளுக்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. உப்பு மிகும்போது ஹாக்1 என்னும் புரதம் செயற்பட்டு, உயிரணுவில் கிளிசரால் சேர்ந்து நீரிழப்பு ஈடுசெய்யப்பட வழிசெய்கிறது. இவ்விரு நிகழ்வுகளிலும் உறங்கும் மரபணுக்கள் விழித்தெழுகின்றன. 'மரபணுக் கட்டுப்பாடு' என்னும் வழக்கு அடக்குதலை மட்டுமே சுட்டுவதாகத் தோன்றும். தூண்டல், அடக்கல் ஆகிய இரண்டையும் ஏற்கும் 'ஒழுங்குபாடு' என்பதே தகுதியானது.

குறுக்கீடு

உப்பையும் பெராக்சைடையும் தனித்தனியே தாங்கவல்ல இப்பூஞ்சை, இரண்டும் ஒருங்கே தாக்கும்போது மடிகிறது. 2014இல் வெளிவந்த ஆய்வொன்று இதன் காரணத்தை விளக்கியது. உப்பின் நேர்மின் அயனிகள் பெராக்சைடு முறிக்கப்படுவதைத் தடுக்கின்றன. உயிரணுவினுள் நச்சு பெருகி, கேப்1 செயலிழக்கிறது. ஆக்சிஜனேற்றத்திற்கும் உப்பிற்கும் உரிய மரபணு எதிர்வினைகள் இரண்டுமே எழாமற் போகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவின் கொல்திறன் இவ்விணைவையே சார்ந்துள்ளது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. அவ்வணுக்கள் குறைந்த நோயாளிகளை இப்பூஞ்சை எளிதில் தாக்குவதை இதனோடு இணைத்து எண்ணலாம்.

இதனை 'இரட்டை நெருக்கடி' எனின், இரண்டின் கூட்டுத்தொகை என்றே பொருள்படும். ஒன்றன் விளைவு மற்றொன்றிற்கான தற்காப்பையும் முடக்குவதே இங்குள்ள நுட்பம். எனவே 'நெருக்கடி வழித்தடக் குறுக்கீடு' என்னும் தொடர் பொருத்தமாகிறது.

முடிவுரை

ஒரு கலைச்சொல்லின் தகுதி அதன் ஓசையாலோ தூய்மையாலோ மட்டும் அமைவதன்று. அது சுட்டும் நிகழ்வின் இயக்கத்தைத் திரிபின்றி உணர்த்துவதாலேயே அமைகிறது. மேற்கண்ட மூன்று சொற்களும் பூஞ்சையின் செயல்முறையை அறிந்த பின்னரே தேரத்தக்கனவாயின. எனவே அறிவியல் தமிழாக்கத்தில் பொருளறிவே சொல்லாக்கத்திற்கு முற்படத்தக்கது என்பது பெறப்படுகிறது.