மவுஸ் நின்றால் முதலில் என்ன கேட்பீங்கள்?

இந்த வார எபிசோடில வயர்லெஸ் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு கதையை இங்க எழுதுறன். எங்கட வீட்டில நடந்தது. பிழை என்னுடையது.

அம்மா பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தா. முடிவு நேரம் இரவு 11.59. மணி 11.20 இருக்கும், "தம்பி, மவுஸ் அசையுதில்லை" என்று கூப்பிட்டா. நான் போய்க் கேட்ட முதல் கேள்வி: "என்னத்தை அமத்தினீங்கள்?" அம்மாவின்ர முகம் சுருங்கிப் போச்சு.

கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் பண்ணத்தான் எனக்குக் கை போனது. நல்ல காலம், பண்ணேல்லை. பாதி நிரப்பின படிவம் போயிருக்கும். எனவே முதல் பாடம்: முதலில் வேலையைக் காப்பாற்றுங்கோ. கீபோர்ட் வேலை செய்தால் டாப் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகும், ஷிப்ட்டும் டாப்பும் பின்னுக்குக் கொண்டுவரும், ஸ்பேஸ் டிக் போடும், என்டர் பட்டனை அமத்தும். அம்மா அப்படியே தொடர்ந்து நிரப்பினா.

இரண்டாவது பாடம்: ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. நாலைந்தை ஒன்றாக மாற்றினால், எது சரிப்படுத்தியது என்று தெரியாது. நான் செய்த வரிசை இது:

1. மவுசின் அடியில் உள்ள சுவிட்சைப் பார்த்து, புதுப் பற்றரி போட்டன். மாற்றமில்லை.
2. கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்தன். கண்ணாடி மேசையில் ஒப்டிக்கல் மவுஸ் தடுமாறும். இங்கே அதுவும் காரணமில்லை.
3. மவுசின் சின்ன ரிசீவரைக் கழற்றி என்ர லப்டொப்பில் செருகினன். அருமையாக ஓடினது. அப்போ மவுஸ் பழுதில்லை.
4. ரிசீவர் இருந்த துளையில் ஒரு பென்டிரைவ் செருகினன். அதுவும் வேலை செய்தது. அப்போ துளையும் பழுதில்லை.

இரண்டும் நல்லம், ஆனால் சேர்ந்தால் ஓடாது! அப்பதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டன்: "அம்மா, இது எப்ப தொடங்கினது?"

"நீ அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொழுவிப்போட்டுப் போன பிறகுதான்."

பழைய குடும்பப் படங்களைக் கொப்பி பண்ண நான் செருகின ஹார்ட் டிஸ்க். அது ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் இருந்தது.

காரணம் இதுதான். ரிசீவர் உள்ள பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, அதே அலைவரிசையில் ரேடியோ இரைச்சலும் கசியும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. மவுசின் சிக்னல் மிகச் சிறியது. கலியாண வீட்டில மேளம் அடிக்கிற நேரம், பக்கத்தில இருக்கிறவர் காதுக்குள்ள சொல்லுறது கேக்குமா? அதே நிலைமைதான் ரிசீவருக்கும். கொப்பி முடிந்தால் இரைச்சலும் அடங்கலாம், மவுஸ் தானாகச் சரியாகிவிடலாம். அதனால்தான் இந்தப் பிழையைப் பிடிப்பது கஷ்டம்.

தீர்வுக்குக் காசு அதிகம் தேவையில்லை. ரிசீவரை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கோ. டெஸ்க்டொப் என்றால் ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம். லப்டொப் என்றால் ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரை மவுசுக்குக் கிட்டக் கொண்டுவரலாம். பல கொம்பியூட்டர்களில் யூஎஸ்பி 3.0 துளையின் உள்பக்கம் நீல நிறம். அதை ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

நான் ரிசீவரைப் பின்பக்கம் மாற்றினன், மவுஸ் ஓடினது. 11.48க்கு அம்மா விண்ணப்பத்தை அனுப்பினா. பிறகு தேத்தண்ணி போட்டுக் குடுத்து மன்னிப்புக் கேட்டன். "அடுத்த முறை முதல் என்னட்டைக் கேள்" எண்டா.

அதுதான் மூன்றாவது பாடம். வீட்டில யாராவது உதவி கேட்டால், "என்னத்தை அமத்தினீங்கள்" எண்டு கேக்காதீங்கோ. அப்படிக் கேட்டால், தெரிஞ்சதையும் சொல்லமாட்டினம். "எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் என்ன மாறினது?" எண்டு கேளுங்கோ. விடை அவையிட்ட இருக்கும்.

அடுத்த எபிசோடில சந்திப்பம்.