எந்தக் கணினியிலும் ஓடும் ஸ்கிரிப்ட்: பயனுள்ள குறிப்புகள்

நம் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், நண்பரின் கணினிக்குப் போனதும் முரண்டு பிடிக்கும். அதற்குத் தேவையான லைப்ரரிகள், வெர்ஷன்கள், பாதைகள் எல்லாம் நம் கணினியில் மட்டும் இருக்கின்றன, ஃபைலில் எங்கும் எழுதப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

1. ஒவ்வொரு பைதான் வேலைக்கும் 'வென்வ்' என்ற தனிச் சூழலை அமையுங்கள். 2012இல் வந்த பைதான் 3.3 முதல் இந்த வசதி பைதானோடு சேர்ந்தே வருகிறது. டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் மட்டும் 'பைதான்3-வென்வ்' பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும்.

2. லினக்ஸோடு வந்த பைதானில் கை வைக்காதீர்கள். கணினியின் சொந்தக் கருவிகள் சில அதை நம்பித்தான் ஓடுகின்றன. 2023இல் வந்த டெபியன் 12 முதல், அந்தப் பைதானில் நேரடியாக 'பிப்' மூலம் லைப்ரரி போட்டால் மறுத்துவிடும். தடையை மீற ஒரு குறி இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்த வேண்டாம்.

3. வென்வ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து கொடுத்தால் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் கட்டளை ஃபைல்களில் உங்கள் கணினியின் முழுப் பாதை பதிந்திருக்கும். 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை, வெர்ஷன் எண்களோடு ஒரு 'ரெக்வயர்மென்ட்ஸ்' ஃபைலில் சேமித்துக் கொடுங்கள். வாங்கியவர் தன் கணினியில் புதிதாக வென்வ் அமைத்துக்கொள்ளட்டும்.

4. ஒரே ஃபைலில் முடியும் ஸ்கிரிப்டுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. எந்தப் பைதான் வேண்டும், எந்த லைப்ரரி வேண்டும் என்பதை ஃபைலின் தலையிலேயே கமென்டாக எழுதிவிடலாம். 'பெப் 723' என்ற விதி அதற்கான வடிவத்தைச் சொல்கிறது. 'யுவி' என்ற கருவியில் 'யுவி ரன்' கொடுத்தால் அது அந்தக் குறிப்பைப் படித்து, தனிச் சூழலைத் தானே அமைத்து ஓட்டிவிடும். சிறு ஸ்கிரிப்டுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் இருக்கும் இடத்தை நேரடியாக எழுதாமல் 'என்வ்' வழியாகத் தேடச் சொல்லுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பாஷ் வேறு ஃபோல்டரில் இருக்கும். மேக்கில் ஆப்பிள் தருவது இன்னும் பழைய பாஷ் 3.2தான், பெயரால் தேடும் அரேக்கள் 4.0இல்தான் வந்தன. அவற்றைப் பயன்படுத்தினால், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே வெர்ஷனைச் சரிபார்த்துவிடுங்கள்.

6. விண்டோஸில் திருத்திய ஷெல் ஃபைலில் வரி முடிவுக் குறி மாறியிருக்கலாம். லினக்ஸில் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

7. தமிழ் உரையைப் படிக்கும், எழுதும் ஸ்கிரிப்டா? ஃபைலைத் திறக்கும் இடத்திலெல்லாம் 'யுடிஎஃப்-8' என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். விண்டோஸில் பைதான் 3.14 வரை, குறிப்பிடாவிட்டால் அந்தக் கணினியின் பழைய எழுத்துமுறையையே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் சிதைந்துபோவது அதனால்தான்.

8. டெர்மினலில் ஓடுவது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'க்ரானில்' ஓடாமல் போகலாம். க்ரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு. உங்கள் ஷெல் அமைப்புகள் எதையும் அது படிப்பதில்லை. வென்வ்வுக்குள் இருக்கும் பைதானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும், 'ஆக்டிவேட்' செய்யத் தேவையில்லை. 'என்வ்' கட்டளையை 'ஹைஃபன் ஐ' சேர்த்துக் கொடுத்தால் சூழல் மாறிகள் எல்லாம் காலியாகிவிடும். அந்த நிலையில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தால் எது விடுபட்டது என்று உடனே தெரியும்.

9. டாக்கர் எல்லாவற்றுக்கும் வேண்டாம். பைதானுக்கு வெளியே உள்ள மென்பொருள்களும் தேவைப்படும்போது எடுங்கள். இமேஜின் பெயரோடு 'லேட்டஸ்ட்' என்று விடாமல் வெர்ஷனை எழுதுங்கள். பாஸ்வேர்டை இமேஜுக்குள் வைக்கவே கூடாது.

10. யாருக்காவது அனுப்பும் முன், உங்கள் கணினியிலேயே புது யூசர் கணக்கு ஒன்றைத் திறந்து, 'ரீட்மீ'யில் எழுதிய கட்டளைகளை மட்டும் வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். எழுதாத ஒன்றைச் செய்ய வேண்டி வந்தால், அதையும் ரீட்மீயில் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.