வலைத்தளத்திற்கு ஒரு கணக்குப்பிள்ளை

கடை வைத்திருப்பவர் எவரும் கணக்கு எழுதாமல் இருப்பதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் சரக்கு போயிற்று, எது தேங்கிற்று என்பதைக் கல்லாவில் அமர்ந்திருப்பவர் கண்ணாலேயே அளந்துவிடுவார். ஆயின் இக்காலத்தில் கடைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று தெருவைப் பார்த்திருப்பது; மற்றொன்று வலைத்தளம். இந்த இரண்டாம் வாயிலின் வழியே வருவோரின் காலடி ஓசை நமக்குக் கேட்பதில்லை. வந்தவர் எவ்வழி வந்தார், எதைப் பார்த்தார், எதை வாங்காமல் திரும்பினார் என்று கணக்கெழுதிச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அவ்வேலையைச் செய்யும் மென்பொருள்கள் இன்று பல. அவற்றுள் ஒரு சிறு வணிகர் குறைந்த செலவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயற்பியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் கைகர் எண்ணியின் முன் அமர்ந்து கதிரியக்கத் துடிப்புகளை எண்ணுவது எங்கள் பாடங்களுள் ஒன்று. எண்ணுதல் எளிது, எண்ணியதை எவ்வளவு நம்பலாம் என்று அறிதலே அரிது. அங்கே கற்ற இவ்வுண்மை கடைக்கும் பொருந்தும்.

தில்லி கரோல்பாக்கில் என் மாமா காப்பித்தூள் கடை நடத்துகிறார். சுற்றியுள்ள ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூரியரில் தூள் அனுப்புவதற்கென ஒரு வலைத்தளமும் வைத்திருக்கிறார். ஆண்டுச் சந்தா கட்டினால் வண்ண வண்ண வரைபடங்களோடு எல்லாக் கணக்கும் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தருவதாக ஒரு முகவர் அவரிடம் வந்தார். அந்தச் சந்தா, கடையில் பொட்டலம் கட்டும் அம்மையாரின் ஒரு மாதச் சம்பளத்திற்கு ஈடு. அதோடு, வலைத்தளத்தால் பயனில்லை என்று தெரிந்தால் கூரியர் விற்பனையையே நிறுத்திவிடவும் மாமா எண்ணியிருந்தார். அது நின்றால் அம்மையாரின் வேலையும் நிற்கும். "ஏண்டா, நீ சயின்ஸ் படிக்கிறவனாச்சே! இதை வாங்கலாமா வேண்டாமா, நீயே சொல்லு" என்றார் மாமா. அவருக்காக நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எண்ணும் முறைகள் இரண்டு

வலைத்தளம் ஒன்று சர்வர் எனப்படும் கணிப்பொறியில் குடியிருக்கிறது. யாரேனும் ஒரு பக்கத்தைக் கேட்குந்தோறும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். கேட்டவரின் ஐ.பி. முகவரி, நாள், நேரம், கேட்ட பக்கம், அது கிடைத்ததா இல்லையா என்னும் குறியெண் ஆகியவை அவ்வரியில் அடங்கும். இப்பதிவேட்டைப் படித்துத் தொகுப்பது முதல் முறை. இது பழைய முறை. ஆனாலும் பழுதில்லாத முறை. 2000ஆம் ஆண்டில் தோன்றிய ஏடபிள்யூஸ்டாட்ஸ், பின்னர் வந்த கோஅக்சஸ் ஆகிய இலவச மென்பொருள்கள் இவ்வகையின.

இரண்டாவது முறையில், ஒவ்வொரு பக்கத்திலும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் பதித்துவைப்பார்கள். பக்கம் திறந்ததும் அது பார்ப்பவரின் கைப்பேசியிலேயே இயங்கி, "ஒருவர் வந்தார்" என்று எண்ணும் நிலையத்திற்குச் செய்தி அனுப்பும். கூகுள் அனலிட்டிக்ஸ், மட்டோமோ, பிளாசிபிள் முதலியன இவ்வாறு எண்ணுபவை.

இரு முறைகளுக்கும் குறைகள் உண்டு. பதிவேட்டில் மனிதரோடு இயந்திரங்களும் ஏறிவிடும். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகப் பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றுள் சில தம் பெயரைச் சொல்லும். சில மனிதர்போல் வேடமிடும். ஸ்கிரிப்டோ இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடும். ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் மனிதர்களையும் சேர்த்துத் தவிர்த்துவிடும். ஒருவரே கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் வந்தால் இருவராகத் தோன்றலாம். ஒரே ஐ.பி. முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசி இணைப்பில் பலர் ஒருவராகத் தோன்றலாம்.

ஆதலால் இரண்டு மென்பொருள்களின் எண்ணிக்கை ஒத்துவருவது அரிது. எது மெய், எது பொய் என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒரே தராசில் மாதந்தோறும் நிறுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை. தராசை அடிக்கடி மாற்றுபவர்க்கு எடை ஒருநாளும் தெரியாது.

விலை என்பது சந்தா மட்டுமன்று

"இலவசம்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். பணமாகக் கொடுக்காததை வேறு எவ்வகையில் கொடுக்கிறோம் என்று பார்த்தல் வேண்டும்.

கூகுள் நிறுவனம் 2005இல் அர்ச்சின் என்னும் நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. சிறு வணிகர் பலர்க்கு அது பெரும் உதவியாயிற்று. ஆயின் 2023 ஜூலை முதல் நாளோடு அதன் பழைய பதிப்பு புதுக்கணக்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பழைய ஆண்டுகளின் தகவல்களும் பின்னர் நீக்கப்பட்டன. புதிய பதிப்பான நான்காம் அனலிட்டிக்ஸுக்குப் பழைய கணக்கு மாற்றப்படவில்லை. அதை எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் ஆண்டுக்கணக்கான பேரேட்டை இழந்தார்கள். புதிய பதிப்பின் இலவச வகையில், விரிவான ஆய்வுக்கு உரிய தகவல்கள் 2 மாதமே நிற்கும். அமைப்பை மாற்றினால் 14 மாதம் நிற்கும். சென்ற தீபாவளியோடு இந்தத் தீபாவளியை நுணுகி ஒப்பிட விரும்புபவர் முதல் நாளே அதை மாற்றிவிட வேண்டும்.

மட்டோமோ 2007இல் பீவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறியது. இதை நம் சர்வரிலேயே நிறுவிக்கொண்டால் கட்டணமில்லை. தகவலும் நம்மிடமே இருக்கும். ஆனால் தரவுத்தளம் வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க ஆள் வேண்டும். புதுப்பிக்காத மென்பொருள் பூட்டாத கொல்லைக் கதவு போன்றது. இலவச மென்பொருளைப் பேண மாதந்தோறும் ஒருவருக்குக் கூலி கொடுப்பதாயின் அது இலவசமன்று.

பிளாசிபிள் போன்றவை சிறிய ஸ்கிரிப்டும் ஒரே பக்க அறிக்கையும் கொண்டவை, குக்கி வைப்பதில்லை. இவற்றின் சந்தா, மாதம் எத்தனை பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. சிறு கடைகள் பெரும்பாலும் கீழ்ப்படிக்கட்டிலேயே அடங்கிவிடும். கட்டணம் டாலரில் எனின் நாணய மாற்றையும் வங்கியின் தனிக்கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விலை, வருவோரின் அந்தரங்கம். நம் நாட்டில் 2023இல் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இருக்கட்டும், வாடிக்கையாளர் நம்பி வருகிறார். காப்பித்தூள் விற்பவருக்கு அவர் வேறெங்கெல்லாம் போய்வந்தார் என்ற செய்தி எதற்கு? வேண்டாததைச் சேர்க்காமல் இருப்பதே மலிவான பாதுகாப்பு.

சிற்றெண்களின் இயல்பு

இனி நம் பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஒன்றையொன்று சாராமல் நிகழும் நிகழ்ச்சிகளை எண்ணினால், எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவிற்கு அது தானாகவே ஏறி இறங்கும். 400 என்று எண்ணினால் 20 கூடலாம், குறையலாம். அஃது 5 விழுக்காடு. 16 என்று எண்ணினால் 4 கூடலாம், குறையலாம். அதுவோ 25 விழுக்காடு. எண் சிறியதாகுந்தோறும் ஆட்டம் பெரிதாகும்.

ஒரு கடையின் தளத்திற்கு வாரம் 400 பேர் வந்து, 16 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தை மாற்றிய அடுத்த வாரம் 22 பேர் வாங்கினார்கள். "விற்பனை 37.5 விழுக்காடு உயர்ந்தது!" என்று வரைபடம் பச்சை நிறத்தில் முழங்கும். வேறுபாடு 6. அவ்வேறுபாட்டின் இயல்பான ஆட்டம் 16ஐயும் 22ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும்; அதுவும் ஏறக்குறைய 6. ஆகவே படத்தை மாற்றியதால்தான் உயர்ந்தது என்று சொல்ல இடமில்லை.

சரி, 4 விழுக்காடு 5 விழுக்காடாக உயர்ந்ததை உறுதியாகக் கண்டறிய எத்தனை பேர் வேண்டும்? 5 விழுக்காடு பிழைவாய்ப்பும் 80 விழுக்காடு கண்டறியும் ஆற்றலும் கொள்ளும் வழக்கப்படி கணக்கிட்டால், பழைய படத்திற்கு ஏறத்தாழ 7,000 பேரும் புதிய படத்திற்கு 7,000 பேரும் வேண்டும். வாரம் 400 பேர் வரும் கடைக்கு இது 35 வாரம்! அதற்குள் காப்பிக்கொட்டையின் விலை மாறியிருக்கும், பருவமும் மாறியிருக்கும். அந்த முகவர் பெரிதும் புகழ்ந்த இரட்டைச் சோதனை வசதி பெருங்கடைகளுக்கு உரியது. சிறுகடைக்கு அது பட்டாணிக்கடையில் லாரி நிறுக்கும் எடைமேடை வைப்பதை ஒக்கும்.

இன்னொரு விதியும் பயன்படும். ஒரு விளம்பரத்தின் வழியே 30 பேர் வந்து ஒருவரும் வாங்கவில்லை எனின், "விளம்பரம் வீண்" என்று தள்ளிவிடலாமா? மூன்றை முப்பதால் வகுத்தால் 10 விழுக்காடு. உண்மையான வீதம் 10 விழுக்காடு வரை இருந்தாலும் இப்படி நேரலாம் என்பது இதன் பொருள். கடையின் பொதுவீதமே 4 விழுக்காடு. எனவே 75 பேராவது வந்து ஒருவரும் வாங்காத பின்னரே அவ்விளம்பரத்தின்மீது குறை சொல்லத் தொடங்கலாம்.

எதைத் தேர்வது?

எனவே மென்பொருளைத் தேர்வதற்கு முன் கேள்வியைத் தேர்வோம். விடை தெரிந்தால் நாளை நான் எதை மாற்றுவேன் என்று ஒவ்வொரு கேள்வியையும் சோதிக்க வேண்டும். எதையும் மாற்றப் போவதில்லை எனின் அக்கேள்வியை விட்டுவிடலாம். சிறுகடைக்கு எஞ்சுபவை பெரும்பாலும் நான்கே: எங்கிருந்து வருகிறார்கள்? எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள்? எத்தனை பேர் தொலைபேசி அல்லது வாட்ஸப் பொத்தானை அழுத்துகிறார்கள்? எங்கே வழி தவறுகிறார்கள்?

நான்காம் கேள்விதான் மாமாவின் கடையில் பயன் தந்தது. தீபாவளிக்கு அச்சிட்ட துண்டு விளம்பரத்தில் ஒரு கியூஆர் குறி இருந்தது. தளத்தைப் புதுப்பித்தபோது அது சுட்டிய பக்கம் இடம் மாறிவிட்டது. சர்வரின் பதிவேட்டை கோஅக்சஸ் கொண்டு தொகுத்தபோது 404 என்னும் குறியெண்ணோடு ஒரே முகவரிக்கு ஒரு வாரத்தில் 40 வரிகளுக்கு மேல் நின்றன. "அப்படியொரு பக்கம் இல்லை" என்பதே 404இன் பொருள். அந்தப் பிழைப்பக்கத்தில் ஸ்கிரிப்ட் பதிக்கப்படாததால் அதன் கணக்கில் இவர்கள் வந்தவராகவே ஏறவில்லை. இங்கே வர்க்கமூலம் தேவையில்லை. கதவு பூட்டியிருந்தது, அவ்வளவே. பழைய முகவரியைப் புதிய பக்கத்திற்குத் திருப்பிவிட்டதும் வருவோர்க்கு வழி கிடைத்தது. கூரியர் விற்பனையும் நிற்கவில்லை. அம்மையாரின் வேலையும் நிலைத்தது. சந்தா வாங்கப்படவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. முதலாவது, ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டதைப் பயன்படுத்துக. வாடகைச் சர்வர்கள் பலவற்றின் நிருவாகப் பக்கத்தில் ஏடபிள்யூஸ்டாட்ஸ் முன்னரே இருக்கும். ஆயத்தக் கடைத்தளச் சேவையில் வாடகைக்கு இருப்போர்க்குப் பதிவேடு கிட்டாமற் போகலாம். அவர்கள் அச்சேவையே தரும் அறிக்கையை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, கூகுள் தேடலில் எச்சொற்களைத் தேடி வந்தார்கள் என்பதை அறிய, கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாக 16 மாதக் கணக்குக் காட்டும். மூன்றாவது, ஒவ்வொரு விளம்பர இணைப்பின் வாலிலும் யூடிஎம் என்னும் அடையாளச் சொல்லைச் சேர்த்தால், வந்த வழி தெரிந்துவிடும். யூடிஎம்மில் உள்ள 'யூ' பழைய அர்ச்சினின் முதலெழுத்தே. நான்காவது, இவை போதாவிடில் மட்டுமே சந்தா. அப்போதும் ஒரு கணக்குப் போடுக: ஆண்டுச் சந்தா 9,000 ரூபாய், ஓர் ஆர்டரின் இலாபம் 60 ரூபாய் எனின், அம்மென்பொருள் ஆண்டுக்கு 150 ஆர்டர்களைப் புதிதாகக் கொண்டுவந்தால்தான் தன் சோற்றைத் தானே சம்பாதித்ததாகும்.

ஐந்தாவது, மாத முடிவில் வந்தோர், வாங்கினோர், வந்த வழி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல். எந்த நிறுவனம் தன் பதிப்பை மாற்றினாலும் அந்த நோட்டுப் புத்தகம் அழியாது. பத்து வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் கடையை எப்படி அறிந்தீர்கள்? எது சிரமமாக இருந்தது?" என்று கேட்பது எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தியைத் தரும். எண் சிறியதாக இருக்கும் இடத்தில் பேச்சே சிறந்த கருவி. பெருங்கடைக்காரர் தம் வாடிக்கையாளர் எல்லோரோடும் பேச முடியாது, சிறுகடைக்காரரால் முடியும். அவரிடம் உள்ள இந்த வலிமையை விலை கொடுத்து வாங்க இயலாது.

நம் மன்றத்து நண்பர்களுள் புள்ளியியலும் கணிப்பொறியியலும் பயில்வோர் பலர் உளர். இந்நகரில் ஊறுகாயும் அப்பளமும் பூவும் புத்தகமும் விற்றுப் பிழைக்கும் தமிழர் பலரும் உளர். விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒரு கடையின் பதிவேட்டைப் படித்துச் சொன்னால் அவர்களுக்கு ஒரு சந்தா மிச்சம். நமக்கு ஒரு பாடம் தெளிவு. வகுப்பில் கற்ற வர்க்கமூலம் ஒரு குடும்பத்தின் கல்லாப்பெட்டியைக் காக்குமாயின், கற்றதன் பயன் அதுவன்றோ!