பிள்ளைத்தாய்ச்சியின் எடையும் இதயமும்: கவனிக்க ஆறு படிகள்

"ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா!" பினாங்கு ஜார்ஜ்டவுனில் கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் புத்திமதி இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அளவு மீறி எடை கூடினால் ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் வரும் வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது. இதயத்துக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பிரீ-எக்லாம்சியா எனும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

1. பதிவு: 12 வாரத்துக்குள் ஜாலான் பேராக் போன்ற அரசாங்க கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா, சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்ததா என்பதை மிஸ்ஸியிடம் (தாதியிடம்) மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2. கணக்கு: எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். 155 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 25.8. ஒற்றைக் குழந்தை என்றால், 2009-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி அவர் 7 முதல் 11.5 கிலோ வரை கூடலாம். பிஎம்ஐ 18.5-க்குக் குறைந்தால் 12.5–18, 18.5 முதல் 24.9 வரை 11.5–16, 30-ஐத் தொட்டால் 5–9 கிலோ. எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது கூடாது.

3. சாப்பாடு: முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு பெரிதாகத் தேவையில்லை. பசியாறும்போது தே தாரிக்குக்குப் பதில் 'தே ஓ கோசோங்' கேட்கலாம். அதில் கெட்டிப்பாலும் இல்லை, சீனியும் இல்லை. நாசி கண்டார் கடையில் சோற்றைப் பாதியாக்கி, குழம்பை வெள்ளமாக ஊற்றாமல், மீனும் வெண்டைக்காயும் கூட்டிக்கொள்ளலாம்.

4. நடை: மருத்துவர் சம்மதித்தால் வாரத்தில் 150 நிமிடம். தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தின் சமதளப் பாதை போதும்; அருகிலுள்ள மலைக்கோயில் படிகள் வேண்டாம்.

5. அபாய அறிகுறிகள்: ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றம், முகவீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், 140/90-ஐத் தொடும் அழுத்தம் ஆகியவற்றுக்கு அன்றே கிளினிக் போக வேண்டும். படுத்தால் மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999-ஐ அழைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் ஐந்து மாதம்வரை இதயத் தசை பலவீனமாகலாம். மூச்சிரைப்பைக் களைப்பென்று தள்ளிவிடக் கூடாது.

6. பிரசவத்துக்குப் பின்: கர்ப்பத்தில் இனிப்புநீர் இருந்திருந்தால் ஆறாவது வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். அழுத்தம் இருந்தவர்கள் ஆண்டுதோறும் அதை அளந்து, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அந்தக் கர்ப்பத்தில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.