மதர்போர்டு கோடுகளின் இம்பெடன்ஸை அளப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் மெல்லிய செப்புக் கோடுகள் ஏராளமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை டிரேஸ் என்பார்கள். ஒரு டிரேஸின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவாகவே காட்டும். ஆனால் போர்டை வடிவமைத்தவரோ அது 50 ஓம் என்பார். எது சரி? இரண்டுமே சரிதான்.

மல்டிமீட்டர் காட்டுவது, சீராகப் பாயும் மின்சாரத்துக்குச் செம்பு தரும் தடை. 50 ஓம் என்பது, வேகமாக மாறும் சிக்னல் அந்தக் கோட்டில் ஓடும்போது சந்திக்கும் இம்பெடன்ஸ். கோட்டின் அகலம், அடியில் உள்ள கிரவுண்ட் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, போர்டு செய்த பொருள் ஆகியவை இதைத் தீர்மானிக்கின்றன.

சிக்னல் ஏன் திரும்புகிறது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடங்களைப் பாருங்கள். அலை கல்லில் மோதி, ஒரு பகுதி திரும்பிப் போய் அடுத்த அலையைக் குழப்பும். டிரேஸிலும் இதே கதைதான். இம்பெடன்ஸ் மாறும் இடத்தில் சிக்னலின் ஒரு பகுதி திரும்பிவிடும். அது அடுத்து வரும் சிக்னலுடன் கலந்தால் 1 என்பது 0 ஆகப் படிக்கப்படலாம். இதனால்தான் யுஎஸ்பி இணைக்கோடுகளுக்கு 90 ஓம், லேன் கேபிளுக்கு 100 ஓம், கேபிள் டிவி ஒயருக்கு 75 ஓம் என்று நிர்ணயித்துள்ளார்கள்.

எதிரொலி முறை

காசிமேட்டு விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் இருக்கும். ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துக் கடலின் ஆழத்தைச் சொல்லும். டைம் டொமைன் ரிஃப்ளெக்டோமெட்ரி, சுருக்கமாக டி.டி.ஆர்., மின்சாரத்தில் இதையே செய்கிறது. மிக வேகமாக ஏறும் ஒரு வோல்டேஜ் படியை டிரேஸில் அனுப்பி, திரும்புவதை ஆசிலோஸ்கோப் திரையில் பார்க்கிறோம். திரும்ப எடுக்கும் நேரம் இடத்தைச் சொல்லும். திரும்பும் அளவு இம்பெடன்ஸைச் சொல்லும்.

ஒரு கணக்கு: கருவி 50 ஓம், டிரேஸ் 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10, கூட்டல் 110. பத்தை 110ஆல் வகுத்தால் சுமார் 0.09. அதாவது அனுப்பியதில் 9 சதவீதம் திரும்பும். 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதியானால் 45 முதல் 55 ஓம் வரைதான் ஏற்கப்படும். இந்த போர்டு தேறாது.

துல்லியமாக அளக்க

அனுப்பிய படியில் வெறும் 1 சதவீதத்தைத் தவறாகப் படித்தாலே விடை சுமார் 1 ஓம் மாறிவிடும். ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. கருவியை ஆன் செய்து அரை மணி நேரம் சூடேற விடுங்கள்.

2. கையில் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை கட்டுங்கள். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் கருவியின் முகப்பையே எரித்துவிடும்.

3. துல்லியமான 50 ஓம் மாதிரியை முதலில் அளந்து, காட்டும் பிழையைச் சரி செய்யுங்கள்.

4. புரோபின் கிரவுண்ட் முனை சிக்னல் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். நீண்ட கிரவுண்ட் ஒயர் பொய்யான மேடு காட்டும்.

5. தொடக்கத்திலும் முடிவிலும் படிக்காதீர்கள். தட்டையாக உள்ள நடுப்பகுதியைப் படியுங்கள். மிக மெல்லிய கோட்டில் செம்பின் தடையும் சேர்வதால் தூரம் போகப்போக அளவு ஏறுவது போலத் தெரியும்.

போர்டில் சிக்னல் 1 நானோ செகண்டில் சுமார் 15 செ.மீ. ஓடும். 35 பிகோ செகண்டில் ஏறும் கருவியால் சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியும். சிறிய டிரேஸ்களை அளப்பது சிரமம் என்பதால் தொழிற்சாலைகள் போர்டின் ஓரத்தில் கூப்பன் எனும் சோதனைப் பட்டையைச் சேர்த்து அச்சிட்டு, அதை அளக்கின்றன.

உங்கள் வீட்டில்

இந்தக் கருவியை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. சில ரூட்டர், சுவிட்ச்களின் செட்டிங்கில் கேபிள் டெஸ்ட் வசதி உண்டு. அதுவும் டி.டி.ஆர்.தான். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு 30 மீட்டர் லேன் கேபிள் போட்டிருக்கிறது, நெட் வரவில்லை என்று வையுங்கள். எதிரொலி 180 நானோ செகண்டில் திரும்புகிறது. கேபிளில் சிக்னல் நானோ செகண்டுக்குச் சுமார் 20 செ.மீ. ஓடும். போய்வந்த தூரம் 36 மீட்டர், பாதி 18 மீட்டர். கோளாறு அங்கேதான். சுவர் முழுக்க உடைக்க வேண்டாம்.

கேபிளின் ஏதேனும் ஒரு முனையை ஒட்டியே தூரம் காட்டினால் முதலில் அங்குள்ள பிளக்கைப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் பகுதிகளில் பின்களில் உப்பும் துருவும் படிவது சகஜம். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

2020இல் தொடங்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கி.மீ. நீளம். அத்தகைய கண்ணாடி இழைக் கேபிள்களில் மின்சாரத்துக்குப் பதில் ஒளியை அனுப்பி, பழுதான இடத்தைத் தேடுகிறார்கள். தத்துவம் ஒன்றுதான்: அனுப்பு, காத்திரு, திரும்புவதை அள.